விழுந்தா கூப்பிடுத வாட்ச்சு

ஏலே, இப்படி வந்து உக்காரு. உங்க தாத்தாவுக்கு வாட்ச்சு வாங்கியாந்திருக்கியாமே? தெருவே பேசுது. ஆளு கீழே விழுந்தா அதுவே கண்டுபிடிச்சிருமாம். ஒரு நிமிசம் அசையாமக் கிடந்தா தானாவே போன் போட்டுருமாம். 2018-ல ஆப்பிள்காரன் கொண்டாந்த சங்கதி. நல்ல சங்கதிதான், யாரு இல்லேன்னா?

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அதுக்குச் சார்ஜ் போடுதது யாரு? நீ பெங்களூருல இருக்கே. உங்க தாத்தா மாத்திரை போட்டாச்சான்னு பாட்டிகிட்ட ரெண்டு தரம் கேக்குத ஆளு. ராத்திரி வாட்ச்சைக் கழட்டிச் சார்ஜுல மாட்டுவாரு. அப்புறம் இருட்டுல தடவிக்கிட்டே கக்கூசுக்குப் போவாரு. விழுதது அப்பதாம்லே! வாட்ச்சு மேசை மேல சொகமாத் தூங்கும்.

இன்னொரு கூத்து. அதுல வயசு 55-னு போட்டா, விழுதாரான்னு பாக்குத வேலையைத் தானாவே தொடங்கிருமாம். 55-லேயே கிழடா? மதுரையில டாக்டர் வெங்கடசாமின்னு ஒருத்தரு. முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போச்சு. அந்த விரலுலேயே கத்தி பிடிச்சுக் கண்ணு ஆபரேசன் பழகினாரு. சர்க்கார் வேலையில ஓய்வு கொடுத்த பெறவு, 1976-ல 11 கட்டில் போட்டு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினாரு. அவருகிட்டப் போயி, ‘ஐயா விழுந்திருவீக’ன்னு சொல்லிப் பாத்திருக்கணும்!

எனக்குப் பிடிச்ச விஞ்ஞானம் அந்தக் கண்ணுக்குள்ளதான் இருக்கு. லண்டன்ல ஹெரால்டு ரிட்லின்னு ஒரு டாக்டரு. உலகச் சண்டையில பிளேனு மூடி ஒடஞ்சு, பிளாஸ்டிக் சில்லு பைலட்டு கண்ணுல ஏறிக் கிடந்துச்சு. கண்ணு பழுக்கலை, சீழ் பிடிக்கலை. மனுசன் அதைக் கவனிச்சாரு. புரையை எடுத்துட்டு, இதே சரக்குல ஒரு வில்லையை உள்ள வச்சா என்னன்னு யோசிச்சு, 1949-ல வச்சே காட்டினாரு. பெரிய டாக்டருமாரு வருசக்கணக்கா ஏசினாவ. வயசான காலத்துல ரிட்லிக்கே புரை விழுந்துச்சு. அவருக்கும் ரெண்டு கண்ணுலயும் வில்லைதான்! ஏசினவுக மூஞ்சியை நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பாணி அடங்கலை.

சீமை வில்லை விலை நம்ம சனத்துக்கு எட்டலை. 1992-ல மதுரையிலேயே ஆரோலேப்னு தொடங்கி, கொறஞ்ச விலைக்குச் செய்ய ஆரம்பிச்சாவ. இப்ப நம்ம தெருவைப் பாரு. மூலையில கிடந்த கிழவியெல்லாம் பஸ்சு போர்டு படிக்குதாளுவ. மருமவ மொகம் சுளிக்கிறதும் தெரிஞ்சு போவுது. அது ஒண்ணுதான் சங்கடம்.

அந்த வில்லைக்குச் சார்ஜு உண்டா? பாஸ்வேர்டு உண்டா? பேரனைக் கூப்பிடணுமா?

ஜப்பான்காரனும் ஒரு வேலை செஞ்சான். 2001-ல சோஜிருஷி கம்பெனி ஒரு வெந்நீர்ப் பாத்திரம் விட்டுச்சு. கிழவி டீத்தண்ணிக்கு வெந்நீர் பிடிச்சா, தூரத்துல இருக்க மவனுக்குச் சேதி போவும். கிழவி புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாம். அவ பாட்டுக்கு டீயைக் குடிப்பா. ஆத்தா டீ குடிச்சாளான்னு தெரிஞ்சுக்க மவனுக்குப் பாத்திரம் வேண்டியிருக்கு, அது வேற கதை.

நியூசிலாந்துல ஒடாகோ பல்கலைக்கழகத்துக்காரவ இன்னும் எளிசாப் பாத்தாவ. வயசாளிகளுக்குக் காலு வலுக்குததுக்கும் தடுமாறாம நிக்குததுக்கும் வீட்டுலேயே பயிற்சி கொடுத்தாவ. விழுதது மூணுல ஒரு பங்கு கொறஞ்சுது. கருவின்னு பாத்தா, கணுக்கால்ல கட்டுத எடைப் பட்டைதான்.

வாட்ச்சைத் திருப்பிக் கொடுக்காதே. பகல்ல கட்டிக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் பவுசாப் போயிட்டு வரட்டும். நீ ஊருக்குத் திரும்புததுக்குள்ள கக்கூசு செவத்துல பிடிச்சுக்கக் கம்பி அடிச்சிரு. நடையில ஒரு சின்ன பல்பு போடு. வாட்ச்சுல மணி தெரியலைன்னு சொன்னாராம்லா? வாட்ச்சு கோளாறு இல்லடா, கண்ணுல புரை. திங்கக்கிழமை லீவு போட்டு, அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.