சனி ஞாயிறு அப்பா

சனி ஞாயிறு அப்பா காவிரிக் கரை நெடுகக் காணப்படும் இனம். திருவிடைமருதூர் வட்டாரத்தில் நடமாட்டம் சற்று அதிகம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மகளுக்கோ மகனுக்கோ சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வெள்ளி இரவு அங்கே உழவன் எக்ஸ்பிரஸ் ஏறும் பிள்ளை, விடிகாலையில் கும்பகோணத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கும். அந்த பிளாட்பாரத்தில் அரை மணி முன்னதாகவே மப்ளரோடு நிற்பவர் இவர்தான். அதே பிள்ளை பத்தாம் வகுப்பில் எந்த செக்‌ஷன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் மனைவியைத்தான் பார்த்திருப்பார். இப்போது அந்தப் பழைய பாக்கியை வட்டியோடு அடைக்கும் உத்தேசம். மாதத்துக்கு இரண்டு நாள் தவணை.

அடைக்கும் வழிக்கு 'புரோகிராம்' என்று பெயர். அது தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டுச் சட்டைப் பையில் இருக்கும். காகிதத்தில் குறையே சொல்ல முடியாது. சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 வரை என்பதால் எட்டரைக்கே கோயிலுக்குக் கிளம்பிவிடுவதாகத் திட்டம். பிள்ளை எழுவது ஒன்பது மணிக்கு. பத்தரை வரை அப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பார். "ராத்திரி பூரா ரயில்ல வந்த பிள்ளை, நிம்மதியா ரெண்டு இட்லி திங்கட்டுமே" என்று அம்மா கடப்பாவை இன்னொரு கரண்டி ஊற்றுவாள். கிளம்பும்போது மணி பதினொன்றாகியிருக்கும். நண்பகல் தாண்டினால் நடை சாத்திவிடுவார்கள். ஒன்றரை முதல் மூன்று எமகண்டம். ஆக, ஒரு முழுச் சனிக்கிழமையில் பாசத்துக்கு மிஞ்சுவது மதியத்துக்கு முன் ஒரு மணி நேரம்.

கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் சனி ஞாயிறுகளில் நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விட்டபோது இந்த இனம் கொஞ்சம் ஆடித்தான் போனது. ஆளுக்கு 750 ரூபாய். காலையில் ஏறினால் இரவுக்குள் ஒன்பது தலமும் முடிந்துவிடும். அப்பாவின் டூவீலரோ கஞ்சனூர்ச் சுக்கிரனைத் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் காபிக்கு நிற்கும். ஆனாலும் அவர் கையில் ஒரு துருப்பு இருந்தது. அந்த பஸ் திருமணஞ்சேரிக்குப் போகாது.

மகளைப் பெற்ற வகையின் புரோகிராமில் எல்லாச் சாலையும் குத்தாலம் பக்கத்துத் திருமணஞ்சேரியில்தான் முடியும். "சும்மா ஒரு ரவுண்டும்மா" என்றுதான் ஆரம்பிப்பார். கல்யாணம் கூடிவர மாலை வாங்கும் கோயிலுக்கு யாரும் சும்மா போவதில்லை என்பது இருபத்தேழு வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா? அவள் முகம் கொடுக்காவிட்டால் வண்டி உள்ளூர் மகாலிங்க சுவாமி கோயிலுக்குத் திரும்பும். அங்கேயும் ஆயுதம் இருக்கிறது. பிரதாப சிம்மனை மணக்க வேண்டிக்கொண்டு லட்ச தீபம் ஏற்றி, அதில் ஒரு விளக்கைத் தானே ஏந்திச் சிலையாக நிற்கும் மராட்டிய அரச குடும்பத்துப் பெண்ணின் கதையை, இருபது வருஷமாகச் சொல்லிவரும் அதே சொற்களில் சொல்லி முடித்துத் தொண்டையைக் கனைப்பார்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்கப்பா. யாரு ஜாதகம் வந்திருக்கு?"

அப்பாவின் கை தானாகச் சட்டைப் பையைத் தொடும்.

இந்தக் கோயிலில் இன்னொரு சிக்கல் உண்டு. வரகுண பாண்டியனைத் தொடர்ந்து வந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலிலேயே காத்திருப்பதாக ஐதீகம். அரசன் அதனிடம் அகப்படாமல் மேற்கு வாசல் வழியே போனான். அதனால் நுழைந்த வாசலில் திரும்பக் கூடாது. செருப்பு மட்டும் கிழக்கு வாசலில் கிடக்கும். சித்திரை வெயிலில், வெறுங்காலோடு, மதிலைச் சுற்றித் தகப்பனும் மகளும் தாவித் தாவி வருவதை எந்தப் புரோகிராமிலும் எழுத முடியாது. இருவரும் சேர்ந்து சிரிப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

மகனைப் பெற்ற வகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வயலுக்கு அழைத்துப் போய் ஆடுதுறை நெல் ரகங்களை எண் வாரியாகச் சொல்வார். மகன் போனைப் பார்த்தபடி "ம்" கொட்டுவான். பம்புசெட்டு கிளம்பாமல் மக்கர் செய்தால் மட்டும் இருவரும் குனிந்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றுவார்கள். டெஸ்டரைக் கேட்பதும் கொடுப்பதும்தான் அன்றைய உரையாடல். இருவருக்கும் அதில் குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. ரயில் என்னவோ ராத்திரிதான்; ஆனால் பஞ்சாங்கப்படி அதற்கு முன்பே நல்ல நேரம் தீர்ந்துவிட்டிருக்கும். எனவே நாலேகாலுக்கே பரஸ்தானம்: பிள்ளையின் பையை எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டால் பயணம் புறப்பட்டதாகக் கணக்கு. முறுக்கு டப்பா, மாவடு, இட்லி மிளகாய்ப்பொடி, ஐந்து கிலோ அரிசி எல்லாம் திணித்துக் கட்டிய அந்தப் பைக்குள் அடியில் போன் சார்ஜரும் போய்விடும். பரஸ்தானம் வைத்த பையை நடுவில் திறந்து வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதாம். ஆறு மணிக்குப் போன் அணைந்துபோகும். பிறகு ஸ்டேஷனுக்குக் கிளம்பும் வரை அந்த வீட்டுத் திண்ணையில் பிள்ளைக்கு அப்பாவை விட்டால் வேறு பொழுதுபோக்கு கிடையாது.