யாற்றை பெடியன்?

1997இல் லண்டனில் நான் வேலை கேட்டுப் போன பெற்றோல் ஷெட்டில் இரண்டு பரீட்சைகள். ஒன்று அரசாங்கத்துடையது. அந்த ஜனவரியில்தான் அமுலுக்கு வந்திருந்தது. நஷனல் இன்சூரன்ஸ் நம்பர் உள்ள கடதாசி ஒன்றைப் பார்த்து முதலாளி பிரதி எடுத்து வைத்தால் போதும். அதில் படம் கிடையாது, எனவே முகத்தைப் பார்க்கும் வேலையும் இல்லை. அதைச் செய்யாமல் வேலை அனுமதி இல்லாதவரை வைத்திருந்தால் ஆளுக்கு 5,000 பவுண் வரை தண்டம்.

மற்றது முதலாளி அண்ணையுடையது.

"தம்பி எவடம்?"

"கரவெட்டி."

"கரவெட்டியிலை எந்தக் கோயிலடி?"

சொன்னேன். எங்கே படித்தது, கணக்கு வாத்தியார் யார், அக்காவை எங்கே கட்டிக்கொடுத்தது என்று அரை மணித்தியாலம் போனது. கோயிலடிக் கேள்வியின் அடியில் சாதி கிடந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடதாசியை அவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. என்னைப்போல் அகதி வழக்குப் போட்டு ஆறு மாதம் கடந்தும் முடிவு வராதவர்கள் அப்போது வேலை அனுமதி கேட்டு வாங்கலாம். 2002இல் அந்தச் சலுகையும் போய்விட்டது.

இப்போது நான் ஹரோப் பக்கத்துத் தமிழ்க் கடைக்காரர் சிலருக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். சம்பளமில்லாத குடிவரவு அதிகாரி உத்தியோகமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"பெடியன் தங்கம். எங்கடை சித்தப்பாவின்ரை ஊர்" என்பார் கடைக்காரர்.

"ஷெயார் கோட் வாங்கினீங்களோ?"

அது வேலை அனுமதியைச் சரிபார்க்கப் பெடியன் எடுத்துத் தரும் ஒன்பது எழுத்தும் எண்ணும். பெடியன் தன் போனை நீட்டி "இந்தாங்கோ விசா" என்று காட்டினால் செல்லாது. அந்தக் கோட்டையும் பிறந்த திகதியையும் வைத்து முதலாளிதான் அரசாங்கத்தின் பக்கத்துக்குள் போகவேண்டும். அங்கே வரும் படத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிடவேண்டும். அதைச் சேமித்து, பெடியன் வேலையை விட்ட பின்னும் இரண்டு வருடம் வைத்திருக்கவேண்டும். விசாவுக்கு முடிவுத் திகதி இருந்தால் அதற்குள் மறுபடியும் சோதனை. 2024 பெப்ரவரியிலிருந்து தண்டம் முதல்முறை ஆளுக்கு 45,000 பவுண் வரை, மறுமுறை 60,000 வரை.

சோதனையை ஒழுங்காகச் செய்திருந்தால், பிறகு ஆளுக்கு அனுமதி இல்லை என்று தெரியவந்தாலும், அறியாத முதலாளிக்குத் தண்டம் இல்லை. இதைச் சொன்னதும் கடைக்காரர் யோசித்தார்.

"அப்ப ஆள் கல்லாவிலை கை வைப்பானோ எண்டதை எந்தப் பக்கத்திலை பாக்கிறது?"

"அதுக்குப் பக்கம் இல்லை அண்ணை."

ஊர் விசாரணையை அவர் இன்னும் விடாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

வெளிநாட்டுக்காரர் மாதிரித் தெரிபவர்களை மட்டும் சோதித்தால் அது பாகுபாடு, வழக்கு வரும். எல்லாரையும் கேட்கவேண்டும். சனிக்கிழமை வேலைக்கு வந்தவள் கடைக்காரரின் தங்கை மகள். ஹரோவிலேயே பிறந்தவள், தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்ததே இவர்தான்.

"மாமா, என்னை உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் பிள்ளை. பாஸ்போட்டைத் தா."

அதில் இருந்தது பன்னிரண்டு வயதுப் படம். பல்லுக் கம்பியோ கண்ணாடியோ இல்லாத சின்னப்பிள்ளை. மாமா படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்னிடமும் காட்டினார்.

"கொப்பற்றை மூக்கேதான்" என்று சொல்லி, பிரதியில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.