கிரப் கெடுதலும் பரிகாரமும்: இணுவில் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

லினக்ஸ் கணினியின் பொத்தானை அமுக்கியதும் முதலில் எழும்புவது லினக்ஸ் அன்று. பழைய கணினிகளில் மதர்போர்டில் உறையும் பயாஸ் எழும்பி, வட்டின் முதல் 512 பைட்டை வாசிக்கும். அதில் பகுதிகளின் அட்டவணைக்கு 64 பைட், முத்திரைக்கு 2 பைட் போக, எஞ்சும் 446 பைட்டே, லினக்ஸை எழுப்பிவிடும் பூட்லோடரின் பரம்பரைக் காணி. 1995இல் எரிக் போலின் எழுதத் தொடங்கிய கிரப் என்னும் பூட்லோடர் தன் தலைவாசலை இங்கே வைத்து, உடலைப் பின்னால் வேறிடத்தில் கிடத்தியிருக்கும். அதற்கு முன் ஆண்டது லைலோ. அது தன் ஆங்கிலப் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் அச்சிட்டபடி எழும்பும்; எத்தனையாம் எழுத்தில் நிற்கிறதோ அதுவே நோய்க்குறி. அந்த நாகரிகம் கிரப்புக்கு வாய்க்கவில்லை.

கிரப் கெடுதல் மூவகைப்படும்: அயலானால் கெடல், மின்வெட்டால் கெடல், குரங்கால் கெடல் என.

அயலான் விண்டோஸ். பழைய பயாஸ் கணினியில் அதை மீள நிறுவினால், பக்கத்தில் லினக்ஸ் குடியிருக்கிறதா என்று விசாரியாது. 446 பைட்டிலும் தன் கதியாலை நட்டுவிடும். யாழ்ப்பாணத்து இணுவில் ஒழுங்கைகளில் இதே குற்றத்துக்கு நீதிமன்றம் வரை போவார்கள். புதிய கணினிகளில் பயாஸின் இடத்துக்கு யூஈஎஃப்ஐ வந்து ஆளுக்கொரு கோப்புறை ஒதுக்கியபின் எல்லைச் சண்டை தணிந்தது, ஓயவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, உலகெங்கும் இரட்டைக் குடித்தனக் கணினிகள் பலவற்றில் லினக்ஸை எழும்பவிடாமல் செய்தது.

மின்வெட்டு விளக்கம் வேண்டாதது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற இலங்கையில், கேர்னல் புதுப்பிப்பு பாதியில் அறுவது வியப்பன்று. குரங்கு 2025 பெப்ரவரி 9ஆம் திகதி கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்தது. அதனால்தான் தீவே இருண்டது என்று அமைச்சர் விளக்கினார். இவ்வகையை முன்னதில் அடக்குவோரும் உளர். குரங்குக்கு உரிய இடத்தை மறுப்பது ஆய்வு நேர்மையாகாது.

கெட்டதன் குறி கறுப்புத் திரையில் தெரியும். ‘கிரப்’ என்று மட்டும் நின்றால் பட்டியல் கோப்பைத்தான் காணவில்லை. ‘கிரப் ரெஸ்கியூ’ என்று நின்றால் தன் கோப்புறையையே தொலைத்துவிட்டது. இரண்டிலும் படங்கள், கடிதங்கள், பிள்ளையின் பரீட்சைக் குறிப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். ஆயினும் இக்கட்டத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர், “தம்பி, உதுக்கேன் மினக்கெடுறீர்? போமற் அடிச்சு விடும்” என்பார். இக்கொள்கைக்குப் பின்பற்றுவோர் மிகுதி, ஆதாரம் இல்லை.

முறையான பரிகாரத்துக்கு வேண்டியது லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று. அதிலிருந்து கணினியை எழுப்பி, ரெர்மினலில் எல்எஸ்பிஎல்கே என்று தட்டினால் வட்டின் பகுதிகள் வரிசையாகத் தெரியும். லினக்ஸ் இருக்கும் பகுதியை அளவால் இனங்கண்டு மவுண்ட் செய்க. யூஈஎஃப்ஐ கணினியாயின் அதன் சிறு பகுதியையும் உரிய இடத்தில் மவுண்ட் செய்தல் வேண்டும். மறந்தால் செய்த வேலை வீண். பிறகு டெவ், ப்ரொக், சிஸ் மூன்றையும் இணைத்து, சிஎச்ரூட் கட்டளையால் உள்ளே புகுந்து, முதலில் கிரப்-இன்ஸ்டால், அடுத்து அப்டேட்-கிரப். பயாஸ் கணினியில் கிரப்பை முழு வட்டாகிய எஸ்டிஏ மேல் நிறுவுக. எஸ்டிஏ1 என்று இலக்கம் சேர்த்துத் தட்டுவது இத்துறையின் நெடுநாட் பிழை. கட்டளைகள் ஓட நிமிடங்களே போதும். பென்டிரைவை இரவல் வாங்கத்தான் பொழுது போகும், அதிலும் இணுவில் கந்தசுவாமி கோவிலில் தைப்பூச மஞ்சம் இழுக்கும் நாளென்றால் திருத்தத் தெரிந்தவர் எவரும் வீட்டில் அகப்படார்.

முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றிவிட்டே மீள இயக்குக. கழற்றாவிடில் கணினி மறுபடி அதிலிருந்தே எழும்பக்கூடும். போமற் கட்சியார் வென்றதாக எண்ணுவர்.