கேதாரநாதருக்கு ஒரு மழைக்கால விடுப்பு விண்ணப்பம்

அனுப்புநர்:
முழங்கால் வலியுள்ள ஒரு சிவபக்தர்,
திருவையாறு, தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
சார்தாம் யாத்திரையை நடத்தி வைக்கும் உயர்திரு அதிகாரிகள் அனைவரும்,
டேராடூன், உத்தரகண்ட்.

பொருள்: கேதாரநாத் சுவாமிக்கு ஆடி, ஆவணி மாதங்களில் விடுப்பு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் யாத்திரைப் பதிவுப் படிவம். 2. பெரியபுராணம், திருநாவுக்கரசர் பகுதி. 3. கடந்த சில ஆண்டுகளின் நாளிதழ்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எங்கள் தெருவில் கேதாரநாத் போவதென்று முடிவாகிவிட்டது. யார் முடிவெடுத்தார்கள் என்று விசாரித்தால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள். ஆனால் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் வாங்கியாயிற்று. தேதியில்தான் தகராறு. மே மாதம் என்றால் பேரப்பிள்ளைகளின் விடுமுறை. நாட்டிலுள்ள பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் அதே விடுமுறை. தீபாவளி முடிந்தால் நடை சாத்திவிடுவீர்கள். நடுவில் கண்ணில் பட்டது ஆடியும் ஆவணியும். ஆடி அமாவாசையன்று எங்கள் ஊர் ஐயாறப்பர் கோயிலில் அப்பருக்குக் கயிலைக் காட்சி நடக்கும். "அன்னிக்கே கேதாரத்துல நின்னா எப்படி இருக்கும்?" என்று எதிர்வீட்டு மாமி ஒரு வார்த்தை சொல்லிவைக்க, தெரு மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டது.

பதிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்ததில் சில ஐயங்கள் எழுந்தன.

எங்கள் ஊரின் முன்னுதாரணத்தை முதலில் தங்கள் கோப்பில் சேர்த்துவிடுகிறேன். அப்பர் பெருமான் கயிலையைக் காணக் கால்நடையாகப் புறப்பட்டார். காசியைத் தாண்டினார். கால் தேய்ந்தபின் கையை ஊன்றிப் போனார், அதுவும் தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தார், முடிவில் உருண்டார். இன்றைக்கு வந்திருந்தால் ரிஷிகேசத்திலேயே அவரை நிறுத்தியிருப்பீர்கள். முதிர்ந்த வயது, உடல்தகுதி இல்லை, முன்பதிவு இல்லை. போதாக்குறைக்கு மருள்நீக்கியார், தருமசேனர், நாவுக்கரசர் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர், ஆதார் ஒத்துப்போகாது.

நிறுத்துவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் சிவபெருமானும் அதைத்தான் செய்தார். முனிவர் வேடத்தில் எதிரே வந்து, மனிதர் போகக்கூடிய இடமல்ல, திரும்பிப் போ என்றார். அடியவர் கேட்கவில்லை. உடனே அங்கே ஒரு குளத்தை உண்டாக்கி, இதில் மூழ்கி ஐயாற்றில் எழுந்திரு என்று சொல்லி அனுப்பிவைத்தார். காட்சி திருவையாற்றில் கிடைத்தது. பாதை ஆபத்தானது என்றதும் யாத்திரிகரைத் திருப்பி அனுப்பி, மாற்றுத் தரிசனத்துக்கும் ஏற்பாடு செய்த நிர்வாகி என்ற வகையில் சுவாமியின் பணிப்பதிவேடு தங்கள் கவனத்துக்கு உரியது.

சம்பந்தரும் சுந்தரரும் இன்னும் விவரமானவர்கள். திருக்கேதாரத்துக்கு இருவருடைய பதிகமும் உண்டு. இருவரும் மலையேறவில்லை, காளத்தியில் இருந்தபடியே பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். அதனால் கேதாரம் பாடல் பெற்ற தலம் என்ற பெருமை ஓர் அங்குலமும் குறையவில்லை. நேரில் வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துத் தலத்தின் பெருமையைக் கணக்கிடும் வழக்கம் அப்போது ஏற்பட்டிருக்கவில்லை.

அந்த வழக்கம் இப்போது நன்றாகவே ஏற்பட்டிருக்கிறது. 2023-ல் கேதாரநாத்துக்கு மட்டும் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இதை நீங்கள் அறிவித்த விதத்தைப் பார்த்தபோது எங்கள் டெல்டாவில் நெல் கொள்முதல் இலக்கு நிறைவேறியதைச் சொல்லும் அரசு அறிக்கைதான் ஞாபகம் வந்தது. போன ஆண்டைவிட இந்த ஆண்டு கூடுதல், முதல் வாரத்திலேயே இத்தனை லட்சம், புதிய சாதனை! 3,583 மீட்டர் உயரத்தில், பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண்ணின்மேல் நிற்கும் ஒரு சின்னஞ்சிறு ஊர் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கை மட்டும் அதே உற்சாகத்தோடு யாரும் அறிவித்து நான் பார்த்ததில்லை.

இனி நாள்காட்டி விஷயம். மகா சிவராத்திரியன்று உக்கிமட்டில் நடை திறக்கும் நாளைக் குறிக்கிறீர்கள். அட்சய திருதியையை ஒட்டித் திறக்கிறீர்கள். தீபாவளிக்கு அடுத்த யம துவிதியையில் சாத்துகிறீர்கள். ஐந்து முகத் திருமேனி பல்லக்கில் இறங்கி உக்கிமட்டுக்கு வந்துவிடும்; பனிக்காலம் முழுக்கப் பூஜை அங்கேதான். தலைமுறை தலைமுறையாக இது நடக்கிறது. சுவாமி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. கர்நாடகத்து வீரசைவ மரபில் வந்த தலைமைப் பூசகர்களான ராவல்களும் மறுத்ததில்லை. பக்தர்களும் "பனிதானே, பரவாயில்லை, திறந்து வையுங்கள்" என்று தர்ணா செய்ததில்லை.

பனிக்குக் கதவைச் சாத்தத் தெரிந்த உங்களுக்கு மழைக்குச் சாத்தத் தெரியவில்லையே, அது ஏன்? திறந்திருக்கும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய பாதி பருவமழைக் காலம். பனி சாலையை மூடிவிடுகிறது. வண்டி போகாது, வாக்குவாதத்துக்கும் இடமில்லை. மழை அப்படியில்லை. காலையில் வெயிலைக் காட்டிப் பதிவு செய்யச் சொல்லும், பிற்பகலில் சிரோபகட்டில் மலையைச் சாலையில் இறக்கும். அதைப் பார்த்த பிறகு நீங்கள் யாத்திரையைத் "தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறீர்கள்". மறுநாள் புல்டோசர் மண்ணைத் தள்ளியதும் மீண்டும் தொடங்குகிறீர்கள். அடுத்த நாள் மறுபடி நிறுத்தம். ஒவ்வோர் ஆண்டும் மழை "எதிர்பாராத விதமாக" வருகிறது. இமயமலையில் ஜூலை மாதம் மழை பெய்வது எதிர்பாராதது என்றால், காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கையும் எதிர்பாராத நிகழ்வுப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

2013-ஐப் பற்றிப் பேசும்போது கிண்டல் வரவில்லை. அந்த ஆண்டு பருவமழை வழக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாக, ஜூன் 16-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. மறுநாள் கேதாரத்துக்கு மேலே சோராபாரி ஏரி உடைந்தது. காந்தியின் அஸ்தி கரைக்கப்பட்டதால் காந்தி சரோவர் என்றும் அழைக்கப்பட்ட ஏரி அது. ராம்பாரா என்ற ஊர் வழித்தடத்திலிருந்தே துடைக்கப்பட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரக்கணக்கில். கோயிலின் பின்னால் ஒரு பாறை உருண்டு வந்து நின்று வெள்ளத்தைப் பிளந்ததால் கோயில் தப்பியது. அதை பீம்சிலா என்று இன்று கும்பிடுகிறோம். கும்பிட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாறையைப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தின் முதல் பக்கமாக நினைத்துவிடக் கூடாது. தங்கும் விடுதிகளில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு பாறையும் வாய்க்கவில்லை.

அதன்பின் பாதையை ஆற்றின் மறுகரைக்கு மாற்றி, 14 கிலோமீட்டர் நடையை ஏறக்குறைய 16 ஆக்கினீர்கள். 2024 ஜூலை 31 இரவு மேகவெடிப்பில் அந்தப் புதிய பாதையும் பல இடங்களில் அறுந்தது. ஆயிரக்கணக்கானவர்களை நடத்தியும் விமானப்படை ஹெலிகாப்டரில் ஏற்றியும் இறக்கினார்கள். மீட்டவர்களுக்குக் கோடி நமஸ்காரம். மீட்கும் திறமை ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போவதைப் பார்த்தால், அதற்குப் பயிற்சி கொடுக்கத்தான் ஆடியில் எங்களை மேலே அனுப்புகிறீர்களோ என்று மட்டும் சந்தேகம் வருகிறது.

ஹெலிகாப்டர் என்றதும் இன்னொன்று. எங்கள் தெருவில் வசதியான ஒருவர், "நடப்பானேன், பறந்து போயிடலாம்" என்றார். 2025-ன் செய்திகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மே 8-ல் கங்கோத்ரி வழியில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேர் இறந்தனர். ஜூன் 7-ல் கேதாரநாத்துக்குக் கிளம்பியது ஒன்று நெடுஞ்சாலையில் இறங்கி, நின்றிருந்த காரைச் சேதப்படுத்தியது. ஜூன் 15-ல் கௌரிகுண்ட் அருகே ஒன்று விழுந்ததில் இரண்டு வயது நிரம்பாத குழந்தை உட்பட ஏழு பேர். அவர் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

விசாரித்ததில் ஒரு நல்ல வழக்கம் தெரிய வந்தது. மழை வலுத்ததும் ஹெலிகாப்டர் சேவையை நிறுத்திவிடுகிறீர்கள். செப்டம்பர் நடுவில்தான் மறுபடி தொடக்கம். ஆக, மழைக்கால விடுப்பு என்ற ஏற்பாடு தங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இயந்திரத்துக்கு உண்டு, நடந்து போகிறவனுக்கும், அவனைச் சுமக்கும் கோவேறு கழுதைக்கும், உள்ளே உட்கார்ந்திருக்கும் சுவாமிக்கும் இல்லை.

சாலைக்கு வருகிறேன். 2016 இறுதியில் தொடங்கி, சுமார் 12,000 கோடி ரூபாயில், 889 கிலோமீட்டருக்கு "எல்லாப் பருவத்துக்குமான சாலை" போடுவதாகச் சொன்னீர்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை போட்டால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்பது விதி. அதற்காக அந்தச் சாலையை 53 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் 100 கிலோமீட்டருக்குள் அடக்கினார்களே, அந்த மூளைக்குத் தனியாக ஒரு பூரண கும்பம் வைக்க வேண்டும். ஏகாதசியன்று முழு இட்லி சாப்பிட்டால்தான் விரதம் கெடும், பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டால் கெடாது என்று என் தாத்தாவும் வாதாடுவார். உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் தலைவர் ரவி சோப்ரா, அகலமான சாலைக்காக மலைச்சரிவை வெட்டாதீர்கள் என்றார். 5.5 மீட்டர் போதும் என்று 2020-ல் நீதிமன்றமும் சொன்னது. 2021-ல் ராணுவத் தேவையை ஏற்று அகலத்துக்கு அனுமதி கிடைத்தது. 2022-ல் சோப்ரா விலகினார். மலையின் அடியை வெட்டினால் மேலே இருப்பது கீழே வரும் என்பதற்குக் குழு தேவையில்லை. மழை ஒவ்வோர் ஆண்டும் இலவசமாக அறிக்கை தருகிறது. எல்லாப் பருவச் சாலை, ஒரே ஒரு பருவத்தில் மட்டும் வேலை செய்ய மறுக்கிறது.

இந்தப் பின்னணியில் ரோப்கார் செய்தியைப் படித்தோம். சோன்பிரயாகிலிருந்து கேதாரநாத்துக்கு 12.9 கிலோமீட்டர், 4,081 கோடி ரூபாய். 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எட்டு ஒன்பது மணி நேரப் பயணம் 36 நிமிடமாகும், நாளொன்றுக்கு 18,000 பேர் போகலாம் என்கிறார்கள். தெருவில் இதற்குக் கைதட்டலே கிடைத்தது. என் முழங்காலும் சேர்ந்து தட்டியது. பிறகுதான் யோசித்தேன். சோன்பிரயாக் சுமார் 1,800 மீட்டரில் இருக்கிறது. எங்கள் ஊரோ காவிரிச் சமவெளி. இங்கே ஆற்றுக் கரையைத்தான் மேடு என்போம். அந்த நுரையீரலை ஒரு தொலைக்காட்சித் தொடர் முடிவதற்குள் இன்னொரு 1,800 மீட்டர் தூக்கிக்கொண்டுபோய் வைத்தால் சுவாமியைப் பார்ப்பதற்கு முன் ஆக்சிஜன் சிலிண்டரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அப்படி மேலே போய்ச் சேருகிற 18,000 பேரும் மழை வந்தால் எங்கே ஒதுங்குவார்கள் என்பதையும் திட்டத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் கேட்கப்போகும் நியாயமான கேள்வி எனக்குத் தெரியும். மழையில் மூடினால் கோவேறு கழுதை ஓட்டுகிறவர், டோலி தூக்குகிறவர், மேகி கிண்டித் தருகிறவர், அறை வாடகைக்கு விடுகிறவர் எல்லாரும் என்ன செய்வார்கள்? அந்த ஆறு மாதச் சம்பாத்தியத்தில் ஆண்டு முழுக்கச் சாப்பிடும் குடும்பங்கள் அவை. இதற்குக் கேலியாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் பக்கத்தில் கடலோரத்தில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் உண்டு. படகு கரையில் கிடக்கும், அரசு நிவாரணத் தொகை தரும். போதவில்லை என்ற சண்டையும் ஆண்டுதோறும் உண்டு. சண்டை இருந்தாலும் தடைக்காலம் நடக்கிறது. மீன் குஞ்சு பொரிப்பதற்காகக் கடலை இரண்டு மாதம் சாத்த முடிகிற நாட்டில், மனிதர் பிழைத்திருப்பதற்காக ஒரு மலைப்பாதையை அதே அளவு நாள் சாத்தி, அங்குள்ளவர்களுக்கு நிவாரணம் தர முடியாதா? 4,081 கோடியில் இதற்கு எத்தனை ஆண்டு வரும் என்பதைத் தங்கள் கணக்கர் சொல்லட்டும்.

ஆகவே விண்ணப்பத்தை உரிய படிவத்தில் தருகிறேன்.

விடுப்பு கோருபவர்: அருள்மிகு கேதாரநாதர்.
விடுப்பின் தன்மை: ஈட்டிய விடுப்பு. இதுவரை ஒரு நாளும் எடுக்கப்படவில்லை. பனிக்கால ஆறு மாதமும் உக்கிமட்டில் மாற்றுப் பணியாகவே கழிந்துள்ளது.
காலம்: ஜூலை நடு முதல் செப்டம்பர் நடு வரை, ஆண்டுதோறும்.
காரணம்: மழை.
விடுப்புக்கால முகவரி: உக்கிமட். அங்கும் வழி அடைபட்டால், காளத்தி அல்லது திருவையாறு.
பொறுப்பை ஏற்பவர் விவரம்: நந்தி. 2013-லும் அவர் வாசலை விட்டு அசையவில்லை.
மருத்துவச் சான்று: தேவையில்லை. விண்ணப்பதாரர் நஞ்சுண்டவர்.

எங்கள் குழுவைப் பொறுத்தவரை, மழை ஓய்ந்து புரட்டாசிக் கடைசியில் நடந்தே வருகிறோம். அந்தத் தேதிக்குப் பதிவைத் திறந்து வையுங்கள். ஆடி அமாவாசையன்று இங்கேயே ஐயாறப்பர் கோயிலில் இருப்போம். இதை எதிர்வீட்டு மாமிக்கு மட்டும் தாங்களே அரசு முத்திரையுடன் ஒரு கடிதம் போட்டுத் தெரிவித்துவிட வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
முழங்கால் வலிக்காரர்.