சந்தாதாரர்

எங்கள் கல்லாவி இளைஞர் மன்றத்தின் செய்தித் துறை, டீக்கடை வாசலில் சாய்த்து வைத்த ஒரு கரும்பலகை. 'ஞாயிறு காலை 9 மணிக்கு மேட்ச்' என்று சாக்பீஸில் எழுதிவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். மழை பெய்தால் ஒருவருக்கும் தெரியாது.

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன பிறகு எனக்கு அந்தப் பலகை எட்டவில்லை. கிருஷ்ணகிரியிலும் ஊத்தங்கரையிலும் பஸ் மாறி வந்து இறங்கும்போது ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். நல்லவேளையாக, 2012-இல் மன்றத்துக் கல்லூரிப் பையன் ஒருவன் வேர்ட்பிரஸ்ஸில் செய்தி போட ஆரம்பித்தான். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற சொல்லும் சேர்த்து கூகுள் ரீடரில் கொடுத்தேன். போதாததற்கு மெயில் சந்தாவும் போட்டேன்.

மெயில் தபால்காரர் மாதிரி, வீடு தேடி வரும். ரீடர் பால் எடுக்க வருகிறவர் மாதிரி. அதுவே வாசல் வாசலாகப் போய், "இன்னிக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டு, இருப்பதை வாங்கிக் கேனில் ஊற்றிக்கொள்ளும்.

இந்தப் பெருமையை டீக்கடையில் சொன்னதுதான் தப்பு.

"இனிமே ஒண்ணும் தப்பாதுண்ணா. ஆர்.எஸ்.எஸ். போட்டுட்டேன்."

மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"அய்யோ, இது வேறண்ணா. ரீடர் செய்தி எடுத்துக்கிட்டு வர்ற கம்ப்யூட்டர் சமாச்சாரம். இதை 1999-ல நெட்ஸ்கேப்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சது. அப்புறம் ஆரோன் ஸ்வார்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பையன், பதினாலு வயசுலயே இதுல..."

"பதினாலு வயசுலயேவா சேத்துக்கிட்டாங்க!"

அதற்கு மேல் நான் விளக்கவில்லை. அன்று டீயில் சர்க்கரையும் கம்மி.

ரீடர் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆசைப்பட்டவன் நான். சும்மாதானே கிடைக்கிறது என்று சினிமா, கிரிக்கெட், வேலைவாய்ப்பு, சமையல் என்று கண்டதையெல்லாம் சேர்த்தேன். படிக்காதவை எத்தனை என்று ஓரத்தில் காட்டும் எண் ஏறிக்கொண்டே போய் '1000+' என்று நின்றது. அதற்கு மேல் எண்ண அதற்கே மனசில்லை. 2013 மார்ச்சில், ஜூலை 1-ஆம் தேதியோடு ரீடரை மூடுவதாக அறிவிப்பு வந்தது. வீட்டைக் காலி பண்ணுகிறவன் பரண் மேல் கிடப்பதைப் பிரித்துப் பார்ப்பானா? 'எல்லாம் படித்தாயிற்று' என்று ஒரே அமுக்கு. மனசு லேசானது.

அதே ஜூலை 15-இலிருந்து தந்தியும் இல்லை என்றார்கள். தந்தி நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. ரீடருக்கு எட்டு வயசு நிறையவில்லை. தந்திக்கு அழ ஆள் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். பலகையில் கொட்டை எழுத்தில் 'சந்தா பாக்கி'. கீழே முதல் பெயர் என்னுடையது. 14 மாதம், 280 ரூபாய்.

"என்னப்பா இது, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன் பையனிடம்.

"ரெண்டு தடவை போஸ்ட் போட்டேனேண்ணா. நீங்கதான் ரீடர்லயும் இருக்கீங்க, மெயில்லயும் இருக்கீங்க!"

ரீடரில் வந்தது அந்த ஒரே அமுக்கில் போயிருக்கும். மெயில்? மறுநாள் ஓசூரில் தேடிப் பார்த்தேன். 'சந்தாவை உறுதிசெய்ய இங்கே சொடுக்கவும்' என்ற கடிதம், லண்டன் லாட்டரியில் எனக்கு விழுந்திருந்த ஐந்து லட்சம் பவுண்டுக்குப் பக்கத்தில், ஸ்பாமில் படுத்திருந்தது.

அந்த ஞாயிறன்றே டீக்கடையில் மூன்று நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டியிருந்தேன். "மீதி இருபதை அடுத்த மாசத்துக்கு வச்சுக்கறேன்" என்று பையனே முடிவு செய்து, முழங்கையால் என் பெயரை அழித்தான்.

"ரசீதை மெயில்ல அனுப்பட்டுமாண்ணா?"

"வேணாம்ப்பா. பலகையிலேயே எழுதிடு."