மீள்நோக்கும் நீலப் பேனையும்

மீள்நோக்கு என்பது, ஆசிரியர் தன் கற்பித்தலைத் தானே திரும்பிப் பார்த்து அடுத்த பாடத்தைத் திருத்திக்கொள்வது. ஜோன் டூயி 1910இல் இதற்கு வித்திட்டார். டொனால்ட் ஷோன் 1983இல் இரண்டாக வகுத்தார்: வேலையின் நடுவே யோசிப்பது, முடிந்தபின் யோசிப்பது. பதிவேட்டை நிரப்புவதற்காக யோசிப்பது என்ற மூன்றாம் வகை கல்வியியற் கல்லூரிகளின் சொந்தச் சரக்கு.

இலங்கையின் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் வழமையாக ஈராண்டு விடுதிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. கண்டி–மஹியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரிய போன்ற மலையூருக்குப் போகும் பயிலுநரின் மீள்நோக்குப் பதிவேட்டில், "மாணவர் ஆர்வம் காட்டினர், நேர முகாமைத்துவம் மேம்பட வேண்டும்" என்றிருக்கும். பஸ் பிந்தியதும், மூடுபனியில் கரும்பலகை மங்கியதும், பின்வரிசை தூங்கியதும் அதில் ஏறா. மீள்நோக்குக்கென கிரகாம் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு படிகளில் இரண்டாவது உணர்வு. அந்தக் கட்டத்தில் எல்லோரும் "மகிழ்ச்சி" என்றே எழுதுவர். வேறு உணர்வுக்குப் புள்ளி குறையும் அல்லவா?

மேற்பார்வையாளர் வருவதற்கு முந்திய இரவில், ஒரு தவணைக்குரிய சிந்தனை முழுவதும் ஒரே நீலப் பேனையால் எழுதி முடியும். இதைவிட மலிவான வழியும் உண்டு: எது விளங்கவில்லை என்று பிள்ளைகளிடமே துண்டுக் காகிதத்தில் பெயரின்றி எழுதி வாங்குவது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.