அன்னபோஸ்ட் வேண்டாம்!

கே: மாநிலம் முழுக்க எல்லா உள்ளாட்சி இடங்களிலும் வேட்பாளர் நிறுத்துவது நடக்கிற காரியமா? மொத்தம் எத்தனை இடம் என்றாவது யாருக்காவது தெரியுமா?
– மணப்பாறை வாசகி

ப: சட்டமன்றத்துக்கு 234 பேரைப் பிடித்தால் போதும். உள்ளாட்சிக் கணக்கு வேறு. சுமார் 12,500 கிராம ஊராட்சிகள், அவற்றில் ஒரு லட்சத்தை ஒட்டிய வார்டுகள், ஆறாயிரத்துக்கு மேல் ஒன்றிய வார்டுகள், 655 மாவட்ட ஊராட்சி வார்டுகள். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வார்டுகள் 12,838. எல்லாம் சேர்த்தால் 1,30,000-ஐத் தாண்டும். தலைமையகத்தில் உட்கார்ந்து பட்டியல் தயாரிக்கிற கட்சியால் இது ஆகாது. ஆனால் ஒரு ஊராட்சி வார்டு என்பது சில நூறு ஓட்டுதான், இரண்டு மூன்று தெரு. அந்தத் தெருவில் நல்லது கெட்டதுக்கு முதலில் போய் நிற்கிற ஆள் யார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவரைத் தேடிப் போகிற கட்சியால் முடியும்.

கே: தோற்பது உறுதி என்று தெரிந்த வார்டில் ஆள் நிறுத்துவது வீண் செலவுதானே?
– சிவகாசி வாசகர்

ப: என்ன பெரிய செலவு? 2019-இல் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு 100. செலவு உச்சவரம்பே 9,000 ரூபாய்தான். ஆள் நிறுத்தாமல் விட்டால் ஆகிற நஷ்டத்தைப் பாருங்கள். அந்தத் தேர்தலில் 18,000-க்கும் மேற்பட்ட வார்டுகளில் போட்டியே இல்லை. நம் ஊர்களில் இதற்கு 'அன்னபோஸ்ட்' என்று பெயர். வார்டுக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று கிராமத்து வாக்காளருக்கு நான்கு சீட்டு உரிமை. அன்னபோஸ்ட் வார்டுக்காரர்கள் மூன்று சீட்டோடு திரும்பினார்கள். தன் தெருவுக்கான சீட்டு கையில் வராமலே ஐந்து வருஷத்துக்கு உறுப்பினர் வந்துவிட்டார்.

தோற்கிற வேட்பாளருக்கும் ஒரு கணக்கு மிஞ்சும். எந்த வீட்டில் கதவு திறந்தது, எந்த வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள் என்பது அடுத்த முறைக்கு முதல். நிற்காதவருக்கு அதுவும் கிடையாது.

கே: ஊர் ஒற்றுமைக்காகப் பேசி ஒருவரை முடிவு செய்வதில் என்ன தப்பு? போட்டி வந்தால் பகைதானே வளருகிறது?
– உசிலம்பட்டி வாசகர்

ப: உங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்ததை வைத்தே பேசுவோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996-இல் இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் அங்கே தேர்தலை ஒழுங்காக நடக்கவிடவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆளே வராது. தப்பித் தவறி வந்து ஜெயித்தவரும் உடனே ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கும் 'ஊர் ஒற்றுமை' என்றுதான் பெயர். 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மேலூர் பக்கத்து மேலவளவில் இதே ஒதுக்கீட்டில் மிரட்டலுக்கு நடுவே நின்று ஜெயித்த தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள்.

ஊர் கூடிப் பேசியது என்று சொல்லும்போது ஒன்றைக் கேளுங்கள்: அந்தக் கூட்டத்தில் காலனியிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? பெண்கள் எத்தனை பேர்? தலைவர் பதவியைக் கோயில் பணிக்கென்று ஏலம் விடுகிற ஊர்களில், ஏலம் கேட்கக் காசில்லாதவர் எங்கே உட்கார வேண்டும்? எல்லா இடத்திலும் போட்டியிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். தனியாளாக மனு போடுகிறவரை ஒரே இரவில் மிரட்டி வாபஸ் வாங்க வைக்கலாம். மாநிலம் முழுக்க வேர் உள்ள ஓர் இயக்கம் அவருக்குப் பின்னால் நின்றால் அது அவ்வளவு சுலபம் இல்லை. ஆள் நிறுத்தினால் மட்டும் போதாது. மனுத் தாக்கல் முதல் வெற்றிச் சான்றிதழ் வரைக்கும், அதற்குப் பிறகும், கூட இருக்க வேண்டும். முடியாத கட்சி அந்த மனிதரின் உயிரோடு விளையாடக் கூடாது.

கே: ஒரு வார்டு மெம்பருக்கு அப்படி என்ன அதிகாரம்?
– ஆரணி வாசகர்

ப: துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள்தான். தலைவர் தனியாகக் காசோலை போட முடியாது, துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். ஊராட்சிப் பணத்துக்கு இரண்டாவது சாவி யாரிடம் போகிறது என்பதை அந்த 200 ரூபாய் டெபாசிட் தேர்தல் முடிவு செய்கிறது.

கே: ஊராட்சித் தலைவர், வார்டு தேர்தல்களில் கட்சிச் சின்னமே கிடையாது. அப்புறம் கட்சிக்கு அங்கே என்ன வேலை?
– திருத்துறைப்பூண்டி வாசகி

ப: கட்சிச் சின்னம் இல்லாததுதான் வசதி. பூட்டு சாவி மாதிரிப் பொதுச் சின்னத்தில் நிற்கிற ஆளைப் பார்த்து ஊர் ஓட்டுப் போடுகிறது, கொடியைப் பார்த்து இல்லை. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சிச் சின்னம் உண்டு. கீழே நல்ல பெயர் எடுத்தவர் இருந்தால் மேலே சின்னத்துக்கும் ஓட்டு வரும். நேர்மாறாக நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கே: சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? வேலையைச் சொல்லுங்கள்.
– அரியலூர் வாசகர்

ப: வாக்காளர் பட்டியலிலிருந்து. அதை அச்செடுத்து, பேனாவோடு வீடு வீடாகப் போங்கள். இறந்தவர், திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், கல்யாணமாகிப் போனவர், பதினெட்டு ஆகியும் பெயர் ஏறாதவர் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு தெரு முடிவதற்குள் நான்கு வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள், ஒரு வீட்டில் உட்காரச் சொல்வார்கள். பெரும்பாலும் அந்த வீட்டிலோ பக்கத்திலோதான் உங்கள் வேட்பாளர் இருப்பார்.

அடுத்தது இட ஒதுக்கீடு. 2016 முதல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. எந்த வார்டு யாருக்கு என்ற அறிவிப்பு வருவதற்கும் மனுத் தாக்கலுக்கும் நடுவே அவகாசம் குறைவு. அந்த நேரத்தில் அவசரமாக மனைவி பெயரில் மனு போட்டு, கணவர் நாற்காலியில் உட்காருவதைத்தான் ஊர் ஊராகப் பார்க்கிறோம். ஒவ்வொரு வார்டிலும் ஓர் ஆண், ஒரு பெண் என்று இரண்டு பேரை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். கிராம சபைக்கு இப்போதே அழைத்துப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. எழுந்து நின்று தெருவிளக்கைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பழகியவருக்கு மேடை பயம் போய்விடும்.

கடைசியாக எண்ணிக்கை மேஜை. 2019 தேர்தல் ஓட்டுகளை எண்ணிய 2020 ஜனவரி 2 அன்று ஒரு மையத்தில் நான் இருந்தேன். பெட்டியைக் கவிழ்த்தால் நான்கு நிறமும் ஒன்றாகக் கொட்டும். நிறம் பிரித்து, கட்டுக் கட்டி, பிறகுதான் எண்ணுவார்கள். பகல் போய் ராத்திரியாகும். ஒரு வார்டில் தோற்ற வித்தியாசத்தைவிடச் செல்லாத ஓட்டு அதிகம். இரண்டு சின்னத்துக்கும் நடுவே கோட்டின் மேல் குத்திய முத்திரைகள். தோற்றவருக்கு அந்த மேஜையில் முகவரே இல்லை, சாப்பிடப் போயிருந்தார். முத்திரையை எங்கே, எப்படிக் குத்துவது என்று பாட்டிமார்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து காட்டித் தருவதும், மேஜையை விட்டு எழாத முகவரைப் போடுவதும் சுவரொட்டியைவிட ஓட்டுத் தரும்.

கே: வேறு நாட்டில் யாராவது இப்படிச் செய்து பலன் கண்டிருக்கிறார்களா?
– பெங்களூரு வாசகர்

ப: அமெரிக்காவில் ஹோவர்டு டீன் 2005-இல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானதும், தோற்கிற மாநிலம் என்று எதையும் ஒதுக்காமல் ஐம்பதிலும் ஊழியர்களைப் போட்டார். அடுத்த வருஷமே நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அந்தக் கட்சியின் கைக்கு வந்தன. முழுப் பெருமையும் அவருக்கு என்று சொல்ல மாட்டேன், இராக் போர் மீதான கோபமும் இருந்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் வர்ஜீனியா. 2017-இல் அதே கட்சி மாநில அவையின் 100 இடங்களில் 88-இல் ஆள் நிறுத்தி, 34-லிருந்து 49-க்கு ஏறியது. ஒரு தொகுதியில் இருவருக்கும் தலா 11,608 ஓட்டு. 2018 ஜனவரி 4 அன்று பெயர்களைப் பழைய ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு கிண்ணத்திலிருந்து எடுத்தார்கள். ஷெல்லி சைமண்ட்ஸ் தோற்றார். அவையும் 51–49 என்று குடியரசுக் கட்சியிடமே தங்கியது. அந்தத் தொகுதியில் இன்னும் ஒரே ஒரு வீட்டின் கதவைத் தட்டியிருந்தால்? 2019-இல் அவர் மறுபடி நின்றார், ஜெயித்தார். அவையும் அவர் கட்சிக்கு வந்தது.

கே: நம் பெரிய தலைவர்கள் யாராவது வார்டு, நகராட்சி என்று நேரம் செலவழித்தார்களா?
– கும்பகோணம் வாசகர்

ப: பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். தி.மு.க. 1959-இல் சென்னை மாநகராட்சியின் 100 இடங்களில் 45-ஐப் பிடித்து மேயர் பதவிக்கு வந்தது. கோட்டைக்குப் போக அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஆனது.

கே: எனக்கு 26 வயது. கட்சியில் யாரையும் தெரியாது. எங்கள் தெருவில் சாக்கடை மூடி இல்லை. நான் நிற்கலாமா?
– ஓசூர் வாசகி

ப: 21 நிறைந்திருந்தால் நிற்கலாம். பட்டியலில் உங்கள் பெயர், வயது, கதவு எண் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மனுவை முன்மொழிய ஒருவர் வேண்டும். அந்த மூடியில்லாத சாக்கடையைத் தாண்டித்தானே பக்கத்து வீட்டு அக்காவும் தினம் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறார்? அவரிடம் கேளுங்கள்.